தோல்தொப்பியும் கொக்கரும்

எனக்குத் தெரிந்த அமெரிக்கப் பந்தாட்டக்காரர்களில் ஒருவருக்குமே சொந்தப் பெயர் கிடையாது. அவர்கள் படித்த பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குப் பெயரும் புகழும் சிலையும் இருந்திருக்கலாம். ஆனால் டென்மார்க்கின் வைலே நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், நானும் என் நண்பனும் குடியிருந்த மூன்றாம் மாடி அறையில் அவர்கள் தோல்தொப்பி, கொக்கர், சுளகுக்கையர், உடும்பர். ஊரில் வாத்தியார்மாருக்கே பட்டம் தெளித்துப் பழகிய வாய்கள் எங்களுடையவை. அமெரிக்கன் மட்டும் தப்ப முடியுமா?

அந்த நண்பனோடு பதினாறு வருடம் ஒன்றாக இருந்து சாப்பிட்டேன். பிறகு அவனுடைய தம்பி இறந்தபோது செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழைய நாட்களைப் பற்றி எழுதுகிற சந்தோசத்தில் என்னை நல்ல மனிதனாக்கிவிடுவேன். அதற்கான கெட்டித்தனம் எனக்கு நிறைய உண்டு.

நாங்கள் இரண்டு பேரும் ஐஸ்கிறீம் பெட்டிகளுக்கு மூடி செய்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணம், அவன் மட்டக்களப்பு. அகதி முகாமில் ஒரே அறை தந்தார்கள். பிறகு கொம்யூன், அதாவது நகரசபை, ஒரே வீடு தந்தது. அதனால் நண்பர்களானோம், வேறு காரணம் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் எதற்கும் அவசரப்படமாட்டான். நான் கத்தி முடித்துத் தண்ணீர் குடிக்கும்வரை காத்திருந்து ஒரு சொல் சொல்வான். அதற்குப் பிறகு நான் கத்தியது எல்லோருக்கும் விசர்த்தனமாகத் தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளர் பெரிய உருவமான டேனிஷ்காரர். இளமையில் ஒரு வருடம் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தவர். அங்கே மாணவர்கள் ஆடும் பந்தாட்டத்தில் பித்துப் பிடித்துத் திரும்பியவர். அந்தக் குடும்பம் அவருக்கு ஒரு பெட்டி நிறைய வீடியோக் கசெட்டுகள் அனுப்பியிருந்தது. பழைய காலத்திலிருந்து அன்றுவரை, காலத்துக்கொரு கசெட்டாக, பல்கலைக்கழக வீரர்களின் படங்கள். அவற்றை அவரால் பார்க்க முடியவில்லை. அமெரிக்கக் கசெட் டென்மார்க் டெக்கில் சரியாக ஓடாது. நிறம் போய், படம் மேலும் கீழும் உருளும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கறுப்புப் பாண் ரொட்டியைக் கடித்தபடி இதைச் சொல்லி மனுசன் கவலைப்பட்டார்.

"எங்கட டெக்கில எல்லாம் ஓடும்," என்றான் நண்பன், தன் அரைகுறை டேனிஷில்.

அது உண்மை. அந்தத் தொழிற்சாலையில் எல்லா நாட்டுக் கசெட்டும் ஓடுகிற டெக் எங்கள் இருவரிடம் மட்டும்தான் இருந்தது. எங்களுக்குக் கனடாவிலிருந்து கலியாண வீடு வரும், இந்தியாவிலிருந்து படம் வரும், ஜெர்மனியிலிருந்து பிறந்தநாள் வரும். சொந்தக்காரர் உலகம் முழுக்கச் சிதறியிருந்தால் டெக்கும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும் அல்லவா? அகதிகளிடம் இல்லாதது எத்தனையோ. இது இருந்தது.

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின. மத்தியானம் மேற்பார்வையாளர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். ஒரு காலுறையில் எப்போதும் ஓட்டை இருக்கும். மீன் ரோல்ஸ் கொடுத்தால் முகம் சிவந்து வியர்க்கும், ஆனால் இன்னொன்று எடுப்பார். உப்புப் போத்தலையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் வரிசையாக அடுக்கி, யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது என்று விளக்குவார். முதல் இரண்டு வாரம் எங்களுக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. பெரிய பெரிய பெடியன்கள் வட்டமாகக் குனிந்து நிற்பதைப் பார்த்து, கும்பிடுகிறார்கள் என்றே நினைத்தோம். மூன்றாவது வாரம் நண்பன் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மச்சான், இது கிளித்தட்டடா. பந்தும் அடியும் சேத்த கிளித்தட்டு."

அதற்குப் பிறகு எங்களுக்கு வகுப்புத் தேவைப்படவில்லை. கோட்டில் நின்று மறிக்கிறவனை ஏமாற்றி அடுத்த கோட்டுக்குப் போவது எப்படி என்று எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? மேற்பார்வையாளருக்கு எதிராகவே வாதாடத் தொடங்கினோம்.

முதல் கசெட்டில் இருந்தவர்கள் தோலால் செய்த தொப்பி போட்டிருந்தார்கள். முகத்துக்கு மறைப்பில்லை. ஆடுகிற இடம் முழுக்கச் சேறு. தாக்கி ஆடுகிறவனே மறித்தும் ஆட வேண்டும், நடுவில் போய் இளைப்பாற முடியாது. இரண்டாவதில் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வந்து படித்த மாணவர்கள் இருந்தார்கள். சிலருக்கு முன்தலை வெளித்திருந்தது. மாணவர் என்று சொன்னால் எங்களால் நம்ப முடியவில்லை. மூன்றாவதில் நிறம் வந்தது, தொப்பிக்குக் கம்பி வந்தது, அதுவரை வெள்ளைக்காரர் மட்டும் ஆடிய தென்பகுதி அணிகளுக்குள் முதன்முதலாகக் கறுப்பு மாணவர்கள் வந்தார்கள். நாலாவதில் எல்லோரும் மலைபோல இருந்தார்கள். பந்து காலால் ஓடியதைவிடக் காற்றில் பறந்தது அதிகம்.

எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஒன்று எங்களுக்குப் பிடித்திருந்தது. இவர்கள் படிக்கிற பிள்ளைகள். நாலு வருடம் ஆடலாம், பிறகு இடத்தை விட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

சுளகுக்கையருக்கு இரண்டு கையும் சுளகு அகலம். எங்கே எறிந்தாலும் பிடிப்பார். உடும்பர் பிடித்தால் விடமாட்டார், நாலு பேர் மேலே விழுந்தாலும் பந்து அவரோடுதான் எழும்பும். முதல் கசெட்டில் வருகிற தோல்தொப்பி கட்டையான மனிதர். தோளை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கத்தால் போய்விடுவார். விழுத்தினால் எழும்பி, புறங்கையால் வாயில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு, விழுத்தினவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். எனக்கு அவர்தான் எல்லாம். என் அண்ணனும் அப்படித்தான் கிளித்தட்டில் தோளைக் காட்டி ஏமாற்றுவான், அப்படித்தான் சிரிப்பான். இதை நான் முதல் நாளே சொன்னேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன்.

நண்பனுக்குக் கொக்கர். மூன்றாவது கசெட்டில், தன் அணியின் முதல் கறுப்பு மாணவராக வருகிறவர். நெடிய கால். முழங்கால் நெஞ்சில் முட்டுகிறமாதிரித் தூக்கித் தூக்கி வைத்து ஓடுவார். கடைசிக் கோட்டைத் தாண்டியதும் மற்றவர்களைப்போலத் துள்ளமாட்டார். பந்தைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு நடந்துவிடுவார்.

"என்ட தம்பியும் இப்பிடித்தான்," என்றான் நண்பன். "வயலுக்குள்ள நடந்து பழகின கால். றோட்டிலயும் தூக்கித்தான் வைப்பான்."

அவன் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அந்தத் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. நான் அவனை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அவன் நடையை எனக்குத் தெரியும். வருடக்கணக்காக, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஒரு அமெரிக்க மாணவனின் காலில் அதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் காலத்திலிருந்தும் பொறுக்கியெடுத்து எங்களுடைய பதினொரு பேரை ஒரு கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினோம். பத்துப் பேரில் தகராறில்லை. பதினொராவது ஆள், பந்தோடு ஓடுகிறவர், யார் என்பதில்தான் சண்டை. தோல்தொப்பியின் காலத்தில் மறித்தவர்கள் எல்லாரும் நோஞ்சான்கள் என்பான் அவன். கொக்கருக்கு முகத்தில் கம்பியும் தோளில் மெத்தையும் இருந்தது, அவற்றைக் கழற்றிவிட்டு ஓடச் சொல்லு பார்ப்போம் என்பேன் நான். மேற்பார்வையாளர் இருவருக்கும் நடுவில் இருந்து ரோல்ஸைத் தின்பார். இரண்டு பேருக்கும் தம்பியும் அண்ணனும்தான் ஓடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தலைகீழாக நின்றாலும் இது தீராது என்பார்.

இதற்குள் என் மனைவி ஒரு வேலை செய்தாள். அவள் வந்து சேர்ந்த வருடம் அது. டொரொன்டோவில் நடந்த தன் பெறாமகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக் கசெட்டைப் பிரதி எடுக்க, யாரோ கொண்டுவந்த இரண்டாவது டெக்கை மாட்டி, கையில் கிடைத்த கசெட்டைப் போட்டுவிட்டாள். அது முதல் கசெட். தோல்தொப்பியின் கடைசி ஆட்டம். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டார், மூன்றாவது ஆள் காலைப் பிடிக்கிறான், அவர் உதறுகிறார், கோடு அந்தா தெரிகிறது. அடுத்த கணம் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைக்குப் பால் அறுகு வைக்கிறார்கள். அவர் கோட்டைத் தாண்டினாரா என்பது அன்று முதல் டென்மார்க்கில் யாருக்கும் தெரியாது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். நண்பன் நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"தாண்டேல்ல," என்றான். "சாட்சி இல்லாட்டித் தாண்டேல்ல எண்டுதான் அர்த்தம்."

மேற்பார்வையாளர் ஓல்போர்க் நகருக்கு மாறிப் போனபோது கசெட் பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். நண்பனின் மனைவியும் வந்தாள். பிள்ளைகள் பிறந்தார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவன் வீடு. சனிக்கிழமை நிற்கவில்லை. வளர்ந்த பிறகு பிள்ளைகள் எங்களைப் பார்த்து, ஒரு வீரனுடைய பெயரும் தெரியாமல் இவ்வளவு சண்டை பிடிக்கிறீர்களே என்று டேனிஷில் சிரித்தார்கள்.

பிறகு ஊரில் போராடிக்கொண்டிருந்த இயக்கம் வடக்கு, கிழக்கு என்று பிரிந்தது. அவனுடைய தம்பி கிழக்கில் பிரிந்து நின்றவர்களோடு இருந்தான். நான் வடக்கின் பக்கம். என் பக்கத்தின் துவக்குகளால்தான் அந்தத் தம்பி செத்தான்.

எங்களுடைய செத்தவீட்டுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கேள்விப்பட்டால் போக வேண்டும். ஊரில் சாவு நடந்தாலும் இங்கே வீட்டில் படத்தை வைத்து, வெள்ளை விரித்து, வருகிறவர்களுக்காக இருப்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நெருங்கினவர்கள் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். என் மனைவி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். அப்போது வடக்கின் பக்கம் நின்ற எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"அங்க ஆர் ஆர் போயினமெண்டு பாத்துக்கொண்டிருக்கினம் அண்ணை. யோசிச்சு நடவுங்கோ."

நான் யோசித்தேன். அதைவிடக் கேவலம், நம்பவும் செய்தேன். அவன் துரோகியின் அண்ணன் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது.

"வை அதை," என்றேன் மனைவியிடம்.

"நாளைக்கு எங்கட வீட்டில ஒண்டு நடந்தால் ஆர் வருவினம்?" என்று கேட்டாள். நான் கத்தினேன். அவள் சேலையை மாற்றிவிட்டுப் போய்ப் படுத்தாள். குசினி யன்னலால் பார்த்தேன். அவன் வாசலில் சப்பாத்துகள் அதிகம் கிடக்கவில்லை.

அவன் வேலைக்குத் திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரம் டேனிஷ்காரர்களின் மேசையில் போய் இருந்தான். ஐந்து வருடம் அங்கேயே இருந்தான். அடுத்தடுத்த மெசினில் நின்றோம். ஒரு சொல் கிடையாது. தனித்தனி வீட்டுக்கு மாறியபோது டெக் அவனோடு போயிருந்தது, கசெட்டுகள் என்னிடம் இருந்தன. அதனால் எனக்குத் தோல்தொப்பியும் இல்லை, கொக்கரும் இல்லை. கணினியில் புதிய காலத்து மாணவர்களைப் பார்த்தேன். ஒருவன் பந்தை எறிய முன் நாக்கை நீட்டுவான். பார்த்த உடனேயே பட்டம் வாயில் வந்துவிட்டது, பல்லியார். சொல்ல ஆளில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"எனக்கேன் சொல்லுறியள்?" என்றாள். "காருகளைத் தாண்டிப் போய்ச் சொல்லுங்கோ."

போர் முடிந்த அந்த வசந்தத்தில் என் அண்ணன் போருக்கு உள்ளே அகப்பட்டிருந்தான். அவன் இயக்கத்தை விட்டு எத்தனையோ வருடம். வன்னியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள். மார்ச்சில் ஒருமுறை கதைத்தான், பிறகு சத்தமில்லை. வைலேயிலிருந்து பஸ் பிடித்து, போரை நிறுத்தச் சொல்லி நடந்த கொப்பன்ஹேகன் ஊர்வலங்களுக்குப் போனோம். பக்கத்துப் புரொண்பியில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டில் தங்கி, அடுத்த நாளும் போய்க் கத்தினோம். கத்துவதற்கு நான் பழகினவன். அங்கே என் குரல் ஒன்றுக்கும் உதவவில்லை.

செய்தி ஒரு காலையில் வேலையிடத்துக்கு வந்தது. அண்ணி யாருடையதோ தொலைபேசியில், முள்ளுக்கம்பி முகாமிலிருந்து கதைத்தாள். ஷெல் விழுந்து அண்ணன் போய்விட்டான். பங்கருக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். பிள்ளைகள் தன்னோடு இருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூடக் கதைக்கவில்லை, தொலைபேசிக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் மெசினுக்குப் பக்கத்தில் தரையில் இருந்துவிட்டேன். மூடிகள் வந்து வந்து என் மேலேயே கொட்டின. அடுத்த மெசினிலிருந்து அவன் வந்து சிவப்புப் பொத்தானை அமத்தினான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

வீட்டில் படம் வைத்தோம். ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் முழுக்க அண்ணனுக்காக அழுதேன், ஆனால் கண் வாசலில்தான் இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவன் வருவானா வரமாட்டானா என்பதே எனக்கு அன்றைக்குப் பெரிதாக இருந்தது. வராவிட்டால் அது எனக்குச் சரியான கூலி. வர வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மனைவியோடு வந்தான். அவள் கையில் சோற்றுப் பானை. இருந்தவர்களில் சிலர் வாயை மூடினார்கள், சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அவன் ஒருவரையும் பார்க்காமல் வந்து படத்துக்கு முன்னால் இருந்தான். அண்ணனின் படத்தை அவன் அதற்கு முன் கண்டதில்லை. நீண்ட நேரம் பார்த்தான்.

"தோல்தொப்பி மாதிரி இல்லையே," என்றான் மெல்ல. "கழுத்து நீளம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில், எல்லோர் முன்னாலும். அது அப்படியே அழுகையானது. அவன் கையைப் பிடித்தேன்.

"உன்ர தம்பிக்கு நான் வரேல்லையடா."

"ஓம். வரேல்ல."

"நீ வந்திருக்கிறாய்."

"நான் உன்ட அண்ணனுக்கு வந்த நான். உனக்கு இல்ல," என்றான். கையை உருவிக்கொண்டான். அதில் கோபம் இருக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

முப்பத்தொரு நாள் துடக்கு. அதற்குள் மற்றவர் வீட்டுக்குப் போகக்கூடாது. எனக்கு அது நல்ல சாட்டாகவும் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த நாள் சாட்டு தீர்ந்துவிட்டது. வெயில் எறித்தது. கார் நிறுத்துமிடத்தில் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். செத்தவீட்டுக்குப் பழமோ இனிப்போ கொண்டுபோவதில்லை. வெறுங்கையோடு தாண்டிப் போனேன்.

அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"தம்பியின்ர செத்தவீட்டுக்கு வந்தனான்," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். விசர் என்று நினைத்திருப்பாள். "அஞ்சு வருசமாச்சே, அண்ணன்," என்றாள். பிறகு உள்ளே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினாள். அலுமாரியிலிருந்து வெள்ளைத் துணி எடுத்துவந்து தரையில் விரித்தாள். நண்பன் உள் அறையிலிருந்து வந்து, அந்தத் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துணியின் ஓரத்தில் வந்து இருந்தான். நான் எதிரில் இருந்தேன். சுவரில் தம்பியின் படம். நெஞ்சு வரைதான் எடுத்திருந்தார்கள், கால் தெரியவில்லை.

செத்தவீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். என்ன வயசு? எப்பிடி நடந்தது? ஆர் வந்து சொன்னது? உடம்பு வீட்டுக்கு வந்ததோ? கொள்ளி ஆர் வைச்சது? இவையெல்லாம் ஆறுதல் அல்ல, வெறும் கேள்விகள். ஆனால் சாவு நடந்த வீட்டுக்காரர் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து அதைச் சொல்ல வேண்டும். நூறு பேருக்குச் சொன்னால் நூறாவது முறை கொஞ்சம் இலேசாகச் சொல்ல வரும். அவன் வீட்டுக்கு நூறு பேர் வரவில்லை. வந்த சிலரும் பயத்தில் ஒன்றும் கேளாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இருபத்தெட்டு வயசு," என்று தொடங்கினான். எனக்கு முன்னால் எதற்கும் அவசரப்படாத மனிதன், அன்று மூச்சு விடாமல் சொன்னான். ஆற்றைக் கடக்கப் போன இடம், கூட நின்றவன் தப்பி வந்து சொன்னது, அம்மா மூன்று நாள் தேடியது, கண்டெடுத்தபோது எந்தச் சட்டை போட்டிருந்தான் என்பது. என் பக்கம் சுட்டது என்று அவன் ஒருமுறையும் சொல்லவில்லை. "அவங்க" என்றான். அந்த "அவங்க"வுக்குள் நான் இருந்தேன். அவன் மனைவி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். இந்தக் கதையை முழுதாக அவளும் அன்றுதான் கேட்கிறாள் என்பது அவள் அழுத விதத்தில் தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு, சொல்லாமல் விட்டது நினைவு வந்து, அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். நான் மறுபடியும் கேட்டேன்.

வெயில் சுவரைவிட்டு இறங்கியபோது எழுந்தேன். ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது "போட்டு வாறன்" என்று சொல்லாமல் எங்கள் ஆட்கள் வாசலைத் தாண்டுவதில்லை. சாவு நடந்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. எழும்பிப் பேசாமல் போய்விட வேண்டும். நான் வாயைத் திறக்காமல் சப்பாத்தைப் போட்டேன். கதவைச் சாத்தவில்லை. முதல் படியில் இறங்கும்போது, உள்ளே அவன் மனைவியிடம் சொல்வது கேட்டது.

"சொல்லாமப் போறான் பாத்தியா. அப்ப உண்மையா என்ட தம்பிட செத்தவீட்டுக்குத்தான் வந்திருக்கான்."